பிரபலமாக இருப்பதுதான் விண்டோஸின் குற்றமா?

அச்சுக்கோப்பு · 18 அக்டோபர் 2025, மாலை 6.10

விண்டோஸ் 10-க்கு இந்த மாதம் 14ஆம் தேதியோடு இலவசப் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. "லினக்ஸுக்குப் போங்க, வைரஸே வராது" என்கிறார்கள் சிலர். "லினக்ஸை யாரும் வைத்துக்கொள்ளாததால்தான் அதில் வைரஸ் இல்லை, நாளைக்கு எல்லாரும் போனால் அங்கேயும் வரும்" என்கிறார்கள் வேறு சிலர். எனக்கு இரண்டாவதுதான் சரி என்று படுகிறது. அப்படியானால் மாறி என்ன பயன்? அச்சக வேலை, ஆறு கணினி, கோரல்டிரா, பேஜ்மேக்கர், பாமினி எழுத்துரு. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வடகரை · 18 அக்டோபர் 2025, இரவு 9.40

அந்த இரண்டாவது பேச்சு பாதிதான் சரி. எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்துத் தாக்குபவர் எங்கே குறிவைக்கலாம் என்று முடிவு செய்வார். குறிவைத்தது விழுமா விழாதா என்பது வேறு கணக்கு.

2001 ஜூலையைப் பாருங்கள். அப்போது உலகத்தில் வலைப்பக்கங்களைப் பரிமாறும் வெப்சர்வர்களில் பாதிக்கு மேல் அப்பாச்சி என்ற மென்பொருள். மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் ஏறக்குறைய கால்பங்கு. எண்ணிக்கைதான் எல்லாம் என்றால் பெரும் புழு (கணினிக்குக் கணினி தானாகப் பரவும் நச்சு) அப்பாச்சியில் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பியது ஐஐஎஸ்ஸில். கோட் ரெட் என்ற அந்தப் புழு ஜூலை 19 அன்று 14 மணி நேரத்துக்குள் சுமார் 3,59,000 கணினிகளைப் பிடித்தது.

ஓட்டை எங்கே இருந்தது என்பதுதான் முக்கியம். பக்கங்களைப் பரிமாறும் பகுதியில் இல்லை. தேடலுக்கு அட்டவணை போடும் இன்டெக்ஸ் சேவைக்கான ஒரு இணைப்புக் கோப்பில் இருந்தது. பெரும்பாலானோர் அதைப் பயன்படுத்தியதே கிடையாது. ஆனாலும் ஐஐஎஸ்ஸை நிறுவினால் அது தானாகவே கூட வந்து உட்கார்ந்துகொள்ளும். தன் கணினியில் வெப்சர்வர் ஓடுகிறது என்றே தெரியாதவர்கள் ஏராளம். ஓட்டையை அடைக்கும் பேட்ச் ஜூன் 18 அன்றே வந்துவிட்டது. ஒரு மாதமாகப் போடவில்லை.

தேவையில்லாத சேவை, கேட்காமலே ஓடுகிறது, இணையத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது, பேட்ச் போடவில்லை. இந்த நான்கும் சேர்ந்தபோது கால்பங்கு சந்தையே போதுமானதாக இருந்தது.

மின்கம்பி · 18 அக்டோபர் 2025, இரவு 11.05

அப்பாச்சியும் தப்பவில்லையே? 2002 செப்டம்பரில் ஸ்லாப்பர் என்ற புழு வந்தது. லினக்ஸில் ஓடும் அப்பாச்சி, அது பயன்படுத்தும் ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தில் ஓட்டை.

வடகரை · 19 அக்டோபர் 2025, காலை 7.20

வந்தது. அது எப்படிப் பரவியது என்று பார்த்தால் என் வாதம் இன்னும் வலுக்கும்.

ஸ்லாப்பருக்குள் ஒரு பட்டியல் இருந்தது. லினக்ஸைத் தொகுத்துத் தரும் டிஸ்ட்ரோக்களில் ஒன்றான ரெட்ஹாட்டின் இந்தப் பதிப்பு, அதில் அப்பாச்சியின் இந்தப் பதிப்பு என்றால் நினைவகத்தில் இந்த முகவரி. சூஸே என்றால் வேறு முகவரி. மாண்ட்ரேக், டெபியன் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரி. பட்டியலில் இல்லாத கலவை என்றால் தாக்குதல் பெரும்பாலும் வீண். அதே ஓட்டை இருந்தும், மூலநிரலிலிருந்து தன் கையால் கட்டிக்கொண்ட (கம்பைல் செய்த) அப்பாச்சியில் அந்த முகவரிகள் பொருந்தாது.

இன்னொன்று. அது தயாரான நிரலாகப் பரவவில்லை, மூலநிரலாகப் பரவியது. பிடித்த சர்வரிலேயே ஜிசிசி என்ற கம்பைலரைக் கூப்பிட்டுக் கம்பைல் செய்துகொண்டது. ஜிசிசி இல்லாத சர்வரில் அங்கேயே நின்றுபோனது. சர்வரில் கம்பைலர் வைக்காதே என்று பழைய நிர்வாகிகள் சொல்வதற்கு இப்படி ஒரு பயனும் உண்டு.

ஆக, ஒரு பெயரின் கீழ் எத்தனை கணினி என்று எண்ணுவது தப்பான எண்ணிக்கை. ஒரே அச்சாக எத்தனை கணினி இருக்கின்றன என்பதை எண்ண வேண்டும். விண்டோஸ் 2000 எங்கே நிறுவினாலும் ஏறக்குறைய ஒன்றுதான். லினக்ஸ் என்ற ஒரு சொல்லுக்குள் நூறு விதக் கட்டுமானங்கள்.

மின்கம்பி · 19 அக்டோபர் 2025, காலை 8.02

2024 மார்ச் 29 அன்று அம்பலமான, எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க நூலகத்தின் பின்கதவிலும் இதே கதை. 5.6.0, 5.6.1 என்ற இரண்டு வெளியீடுகளில் நச்சு இருந்தது. ஆனால் அதன் கட்டுமான ஸ்கிரிப்ட் முதலில் பார்த்தது: 64 பிட் இன்டெல்/ஏஎம்டி லினக்ஸா, டெபியன் பொதியாகவோ ஆர்பிஎம் பொதியாகவோ கட்டப்படுகிறதா என்று. இவற்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் நச்சைச் சேர்க்காமல் விலகிவிடும். எதில் ஆள் அதிகம் என்று பார்த்துத்தான் அந்த இரண்டு குடும்பங்களையும் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். இங்கே பிரபலம் வேலை செய்தது.

வேலை செய்த விதத்தையும் பாருங்கள். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவைக்கும் எக்ஸ்இசட் நூலகத்துக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. எக்ஸ்இசட்டைக் கூடவே இழுத்துவரும் சிஸ்டம்டி நூலகத்தை எஸ்எஸ்எச்சோடு சேர்க்கும் ஒரு கூடுதல் மாற்றத்தைச் சில டிஸ்ட்ரோக்கள் தாமாகச் செய்திருந்தன. அந்த வழியாகத்தான் நச்சு உள்ளே வர முடிந்தது. ஆர்ச் என்ற டிஸ்ட்ரோ அந்த மாற்றத்தைச் செய்யவில்லை. அதனால் நச்சுள்ள பதிப்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தும் எஸ்எஸ்எச்சைத் தொடமுடியவில்லை.

வடகரை · 19 அக்டோபர் 2025, மதியம் 1.15

அருமையான உதாரணம். சரி, பிரபலத்துக்கு உரிய பங்கையும் கணக்காகவே போட்டுவிடுவோம்.

2008இல் ஆடம் ஓ'டொனல் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் ஓர் எளிய கணக்கைப் போட்டார். 100 கணினிகள். அதில் மேக் எத்தனை என்பதை ம என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவை விண்டோஸ். விண்டோஸுக்குக் காவல் உண்டு, வரும் தாக்குதலில் 80 விழுக்காட்டைத் தடுக்கிறது. மேக்குக்குக் காவலே இல்லை. இரண்டுக்கும் நச்சு எழுத ஒரே செலவு. விண்டோஸை அடித்தால் கிடைப்பது (100 – ம)இல் ஐந்தில் ஒரு பங்கு. மேக்கை அடித்தால் கிடைப்பது முழு ம. இரண்டும் சமமாகும் இடம் 16.7. மேக் அதைத் தாண்டினால் தாக்குபவருக்கு மேக் லாபம்.

அந்த 80-ஐ மாற்றிப் பாருங்கள். விண்டோஸின் காவல் 90 ஆனால் எல்லை 9.1-க்கு இறங்குகிறது. 95 ஆனால் 4.8. மேக்கில் ஒரு ஆள்கூடக் கூடவில்லை, விண்டோஸ் தன்னைக் கெட்டிப்படுத்திக்கொண்டது, அவ்வளவுதான். அதனாலேயே மேக்காரர்களின் ஆபத்து ஏறுகிறது. 2004 ஆகஸ்டில் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 ஃபயர்வாலைத் தானாகவே இயக்கி வைத்தது. 2007இல் விஸ்டா அட்மின் அனுமதி கேட்கும் திரையைக் கொண்டுவந்தது. 2012இல் விண்டோஸ் 8-உடன் டிஃபெண்டர் கூடவே வந்தது. இந்த ஒவ்வொரு படியும் மற்ற இயங்குதளங்களுக்கான எல்லையைக் கொஞ்சம் கீழே இழுத்தது.

இன்னொரு திருகாணியும் உண்டு: ஒரு கணினியிலிருந்து எவ்வளவு பணம் தேறும்? மேக் வைத்திருப்பவரிடம் இரண்டு மடங்கு தேறும் என்றால், காவல் 80 ஆகவே இருந்தாலும் எல்லை 9.1. கிரிப்டோ வாலட் திருடும் நச்சுகள் மேக்கை விரும்புவதற்கு இதுதான் காரணம். 2023இல் அடாமிக் ஸ்டீலர் என்ற மேக் திருடியை டெலிகிராமில் மாதம் 1,000 டாலர் வாடகைக்கு விட்டார்கள். அந்த வாடகையைக் கொடுக்க ஆள் இருந்தார்கள் என்பதே சந்தை எங்கே நிற்கிறது என்பதைக் காட்டிவிடும்.

செம்பருத்தி · 19 அக்டோபர் 2025, மாலை 5.48

கணக்கு நன்று. ஆனால் நடந்தது அந்த 16.7-க்கு ரொம்ப முன்னாலேயே அல்லவா? 2012 ஏப்ரலில் ஃப்ளாஷ்பேக் என்ற நச்சு 6,00,000 மேக்குகளைப் பிடித்தபோது மேக்கின் பங்கு அந்த 16.7-இல் பாதிகூட இல்லை.

வடகரை · 19 அக்டோபர் 2025, இரவு 8.30

இல்லைதான். ஏனென்றால் ஒரே செலவு என்ற அனுமானம் அங்கே உடைந்துவிட்டது. ஃப்ளாஷ்பேக் நுழைந்த ஓட்டை மேக்கினுடையது அல்ல, ஜாவாவினுடையது. ஜாவா எல்லா இயங்குதளத்திலும் ஓடும். ஓட்டையைக் கண்டுபிடிப்பதும் அதைச் சுரண்டும் நிரலை எழுதுவதும் விண்டோஸ் பக்கம் ஏற்கெனவே முடிந்த வேலை. மேக்குக்குக் கொண்டுவர ஆன கூடுதல் செலவு சொற்பம்.

அதைவிடப் பெரிய காரணம் கால இடைவெளி. ஆரக்கிள் பிப்ரவரியிலேயே ஜாவாவுக்குப் பேட்ச் வெளியிட்டுவிட்டது. மேக்குக்கான ஜாவாவை அப்போது ஆப்பிள்தான் தனியாகத் தயாரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. அது வந்தது ஏப்ரல் 3 அன்று. இடைப்பட்ட வாரங்களில் ஓட்டை என்ன என்பது உலகத்துக்கே தெரியும், மேக்காரர் கையில் மருந்து இல்லை. ஹேக் செய்யப்பட்ட ஒரு வலைப்பக்கத்தைத் திறந்தாலே போதும், பாஸ்வேர்டு கேட்காமலே உள்ளே போனது.

ஃப்ளாஷ்பேக்கின் இன்னொரு குணமும் கவனிக்க வேண்டியது. நுழைந்ததும் லிட்டில் ஸ்னிட்ச், எக்ஸ்கோடு, கிளாம்எக்ஸ்ஏவி மாதிரிச் சில மென்பொருள்கள் இருக்கின்றனவா என்று பார்க்கும். ஒன்று இருந்தாலும் தன்னை அழித்துக்கொண்டு போய்விடும். கவனமான ஆள் உட்கார்ந்திருக்கும் கணினி அதற்கு வேண்டாம்.

செம்பருத்தி · 19 அக்டோபர் 2025, இரவு 9.12

அப்படியானால் கைபேசிப் பக்கத்திலிருந்து நேரெதிரான ஒன்றைச் சொல்கிறேன். பிரபலம் குறையாமலே நச்சு ஒடுங்கிய கதை.

2004 ஜூனில் காபிர் என்ற புழு. நோக்கியாவின் சிம்பியன் இயங்குதளம் ஓடும் சீரிஸ் 60 போன்களில் ப்ளூடூத் வழியாகப் பரவியது. "ஏற்கவா?" என்று கேட்கும். வேண்டாம் என்றால் திரும்பத் திரும்பக் கேட்கும், பக்கத்தில் இருக்கும்வரை விடாது. 2005இல் காம்வாரியர், எம்எம்எஸ் வழியாக. அந்த இரண்டு வருடங்களில் சிம்பியனுக்கு வந்த நச்சுவகைகள் ஏராளம். எல்லாரும் சொன்னது: நோக்கியா பிரபலம், அதனால்தான்.

பிறகு சிம்பியன் 9 வந்தது. 2006 முதல் விற்ற எஸ்60 மூன்றாம் பதிப்புப் போன்கள், என்73 மாதிரி. மூன்று மாற்றங்கள். கையொப்பமிட்ட மென்பொருள்தான் நிறுவும். ஒவ்வொரு மென்பொருளுக்கும் எதைத் தொடலாம் என்ற உரிமைப் பட்டியல். ஒன்றின் தரவுக் கோப்புறைக்குள் இன்னொன்று எட்டிப் பார்க்க முடியாது. பழைய மென்பொருள் எதுவும் புதிய போனில் ஓடாது. அதனால் பழைய நச்சும் ஓடவில்லை. அடுத்த வருடங்களிலும் ஸ்மார்ட்போன் சந்தையில் பாதிக்கு மேல் சிம்பியன்தான். நச்சு மட்டும் சிறுத்துப்போனது.

மின்கம்பி · 19 அக்டோபர் 2025, இரவு 10.20

முழுக்க ஒடுங்கிவிடவில்லை. 2009இல் யெக்ஸஸ் வந்தது, முறையான சிம்பியன் கையொப்பத்தோடு. அவசரக் கையொப்பத் திட்டத்தில் தானியங்கிச் சோதனையைத் தாண்டிவிட்டார்கள்.

செம்பருத்தி · 19 அக்டோபர் 2025, இரவு 10.31

ஆமாம், அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கையொப்பம் யார் போட்டது என்பதைத்தான் சொல்லும், உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாது. 2016 மார்ச்சில் மேக்குக்கான டிரான்ஸ்மிஷன் மென்பொருளின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்தே கீரேஞ்சர் என்ற பிணைநிரல் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நச்சு) இறங்கியதே, அதிலும் செல்லுபடியாகும் டெவலப்பர் கையொப்பம் இருந்தது.

மின்கம்பி · 20 அக்டோபர் 2025, காலை 6.55

"லினக்ஸை யாரும் வைத்துக்கொள்வதில்லை" என்ற வரியை நான் விடமாட்டேன். மேசைக் கணினியில்தான் அது சிறுபான்மை. ரௌட்டர், சிசிடிவி டிவிஆர், டிவி, சர்வர் என்று எண்ணினால் லினக்ஸ் கர்னல்தான் (இயங்குதளத்தின் உள்மையம்) பெரும்பான்மை. ஆண்ட்ராய்டும் அதே கர்னல்.

2016 மிராய் என்ற நச்சு. சிசிடிவி கேமரா, டிவிஆர், ரௌட்டர். உச்சத்தில் சுமார் 6,00,000 கருவிகள். ஓட்டை என்று சொல்ல எதுவுமே இல்லை. தொலைவிலிருந்து கருவிக்குள் நுழையும் வழியான டெலிநெட்டின் போர்ட் 23, 2323 திறந்து கிடக்கிறதா என்று தட்டிப் பார்க்கும். திறந்திருந்தால் கைவசமுள்ள 60-க்கு மேற்பட்ட பயனர்பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளிலிருந்து எடுத்துப் போட்டுப் பார்க்கும். எல்லாம் தொழிற்சாலையில் போட்டு அனுப்பியவை. அக்டோபர் 21 அன்று டைன் என்ற டிஎன்எஸ் (தளப்பெயரை இணைய முகவரியாக மாற்றும் சேவை) நிறுவனத்தை அந்தக் கருவிகளில் ஒரு பகுதி சேர்ந்து அடித்ததில் டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பல மணி நேரம் தடுமாறின.

மிராய் நினைவகத்தில் மட்டும் இருக்கும். கருவியை அணைத்துப் போட்டால் போய்விடும். பாஸ்வேர்டை மாற்றாமல் திரும்ப இணையத்தில் விட்டால் சில நிமிடங்களில் மறுபடி பிடித்துக்கொள்ளும். செய்ய வேண்டிய வரிசை: இணையக் கம்பியைப் பிடுங்கு, அணைத்துப் போடு, பாஸ்வேர்டை மாற்று, டெலிநெட்டை மூடு, ரௌட்டரில் யூபிஎன்பியை (வெளியிலிருந்து வரும் வழியைத் தானாகத் திறந்துவிடும் வசதி) அணை, கடைசியில்தான் கம்பி. சில மாடல்களில் டெலிநெட் பாஸ்வேர்டு ஃபர்ம்வேரிலேயே பதிந்திருந்தது. இணையப் பக்கத்தில் மாற்றினாலும் அது மாறாது. அந்த மாடலை ரௌட்டருக்கு உள்ளேயே அடைத்து வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இன்னொரு முனை: ஒரே கணினியில் பல சர்வர்களை ஓட்டும் விஎம்வேர் இஎஸ்எக்ஸ்ஐ. உலகில் எண்ணிக்கையாகப் பார்த்தால் விண்டோஸுக்கு முன் தூசு. 2023 பிப்ரவரியில் பிணைநிரல் கும்பல்கள் அதை ஆயிரக்கணக்கில் அடித்தன. ஒரு இஎஸ்எக்ஸ்ஐயைப் பிடித்தால் அதன் மேல் ஓடும் இருபது, முப்பது சர்வர்களும் ஒரே அடியில் கையில் வந்துவிடும். பேட்ச் இரண்டு வருடம் முன்பே, 2021 பிப்ரவரியிலேயே வந்தது.

வடகரை · 20 அக்டோபர் 2025, காலை 9.30

எண்ணிக்கை சிறிதாக இருப்பது காவல் ஆகாது என்பதற்கு இதைவிடக் கூர்மையான சாட்சி ஒன்று உண்டு. 2004 மார்ச், விட்டி புழு. ஐஎஸ்எஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் பிளாக்ஐஸ், ரியல்செக்யூர் ஃபயர்வால்களில் ஒரு ஓட்டை. அதைத் தாங்கி இணையத்தில் இருந்தவை மொத்தமே ஏறக்குறைய 12,000 கணினிகள். ஓட்டை அறிவிக்கப்பட்ட அடுத்த நாளே புழு கிளம்பியது. சுமார் 45 நிமிடங்களில் அவற்றில் பெரும்பாலானவை முடிந்தன. ஒரே ஒரு யுடிபி பொட்டலம். பயனர் எதையும் கிளிக் செய்ய வேண்டாம். பரவிக்கொண்டே வன்தட்டில் கண்ட இடத்தில் குப்பையை எழுதி, கணினி செயலிழக்கும்வரை விடவில்லை.

பாதிக்கப்பட்டவர்கள் எல்லாரும் பாதுகாப்புக்காகப் பணம் கொடுத்துக் கூடுதலாக ஒன்றை வாங்கி வைத்தவர்கள்.

யாரும் பயன்படுத்தாத மென்பொருள் என்று நிம்மதியாக இருப்பவர்களிடம் இந்த எண்ணைச் சொல்லுங்கள். ஏதோ ஒரு மூலையில் ஓர் ஆளுக்குக் காரணம் இருந்தால் 12,000 போதும்.

அச்சுக்கோப்பு · 20 அக்டோபர் 2025, மதியம் 12.40

எல்லாம் படித்தேன். பழைய எக்ஸ்பி ஒன்று கட்டிங் மெஷினோடு ஓடுகிறது. 2017இல் வந்த வான்னாக்ரை என்ற பிணைநிரல் புழுவில் எக்ஸ்பிதான் அதிகம் செத்தது என்று படித்த நினைவு.

வடகரை · 20 அக்டோபர் 2025, மதியம் 1.05

அப்படித்தான் அப்போது பரவலாக எழுதினார்கள், எண்கள் வேறு சொல்லின. 2017 மே 12 அன்று பாதிக்கப்பட்டவற்றில் சுமார் 98 விழுக்காடு விண்டோஸ் 7 என்று காஸ்பர்ஸ்கி கணக்கிட்டது. எக்ஸ்பியில் அந்தப் புழுவின் சுரண்டல் நிரல் பெரும்பாலும் சரியாக ஓடாமல் நீலத் திரை வந்து கணினி நின்றுபோகும். கணினி நின்றால் பரவாது. விண்டோஸ் 7-இல் கச்சிதமாக ஓடியது, அதுதான் அன்று அலுவலகங்களில் பெரும்பான்மை, மார்ச் 14 அன்று வந்த பேட்ச் பல இடங்களில் போடப்படவில்லை.

அதனால் எக்ஸ்பி பத்திரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதைப் பிணையத்திலிருந்தே பிடுங்கிவிடுங்கள். கட்டிங் கோப்பை அதற்கென்று ஒதுக்கிய ஒரே ஒரு பென்டிரைவில் கொண்டுபோங்கள். ஆட்டோரன்னை அணையுங்கள். எக்ஸ்பிக்கு ஆட்டோரன்னை அடக்கும் அப்டேட் 2011 பிப்ரவரியில்தான் பரவலாகப் போனது, அதற்கு முந்தைய சிடியிலிருந்து நிறுவியிருந்தால் இன்னும் திறந்தே இருக்கும்.

மின்கம்பி · 20 அக்டோபர் 2025, மதியம் 1.40

அதே 2017 மே 24 அன்று லினக்ஸின் கோப்புப் பகிர்வு மென்பொருளான சாம்பாவிலும் அதே மாதிரி ஓட்டைக்குப் பேட்ச் வந்தது. 3.5 பதிப்பு முதல் எல்லாவற்றிலும் இருந்த ஓட்டை. எழுத அனுமதியுள்ள பகிர்வு ஒன்று கிடைத்தால் போதும். சில நாட்களில் அதன் வழியாக மொனேரோ என்ற கிரிப்டோ நாணயத்தைத் தோண்டும் நிரல்களை இறக்கினார்கள். வான்னாக்ரை அளவுக்குப் போகவில்லை. டிஸ்ட்ரோக்கள் உடனே பேட்ச் தள்ளியதும், சாம்பாவை இணையத்துக்குத் திறந்து வைத்தவர்கள் குறைவு என்பதும் காரணம். பேட்ச் வராத பழைய என்ஏஎஸ் (பிணையச் சேமிப்பு) பெட்டிகள்தான் மாட்டிக்கொண்டன.

செம்பருத்தி · 20 அக்டோபர் 2025, இரவு 7.15

இந்தியாவில் இப்போது பிரபலத்தின் முழுச் சுமையையும் தாங்குவது ஆண்ட்ராய்டு. 100 போனில் 90-க்கு மேல் அதுதான். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று, போக்குவரத்து அபராதச் சலான் என்று, பிஎம் கிசான் என்று ஏபிகே (ஆப்பை நிறுவும்) கோப்பு வருகிறதே, அது ஓட்டை எதையும் சுரண்டுவதில்லை. எஸ்எம்எஸ் படிக்க அனுமதி வாங்கி ஓடிபியைத் திருடுகிறது. ஆள் தானே நிறுவிக்கொடுக்கிறார்.

போனில் செய்ய வேண்டியது: செட்டிங்ஸ், ஆப்ஸ், ஸ்பெஷல் ஆப் ஆக்சஸ், இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ். அங்கே வாட்ஸ்அப், குரோம், ஃபைல்ஸ் மூன்றுக்கும் அனுமதி மறுக்கப்பட்டிருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 8 முதல் இது ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனி. கம்பெனிக்குக் கம்பெனி மெனுவின் பெயர் கொஞ்சம் மாறும், செட்டிங்ஸில் தேடினால் வந்துவிடும்.

ஆண்ட்ராய்டு 13 முதல் இன்னொரு பூட்டு உண்டு. வெளியிலிருந்து வந்த ஆப் ஆக்சசபிலிட்டி உரிமை கேட்டால் சாம்பலாக்கி மறுக்கும். அதையும் சுற்றிப்போகிறார்கள். முதலில் நிறுவும் ஆப் ஒன்றுமறியாதது போலிருக்கும். அது கடைகள் பயன்படுத்தும் நிறுவல் முறையில் இரண்டாவது ஆப்பை இறக்கும். அந்த இரண்டாவதற்குப் பல போன்களில் பூட்டு விழாது. எனவே "அப்டேட் செய்யவும்" என்று ஒரு ஆப்பே இன்னொரு ஆப்பை நிறுவச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள்.

ஏற்கெனவே நிறுவிவிட்டால்: உடனே ஏரோபிளேன் மோடு. வேறு போனிலிருந்து வங்கிக்கும் 1930-க்கும் அழையுங்கள். சேஃப் மோடில் போனைத் திறந்து, டிவைஸ் அட்மின் பட்டியலிலும் ஆக்சசபிலிட்டி பட்டியலிலும் அந்த ஆப்பை அணைத்த பிறகு நீக்குங்கள். முன்னால் நீக்கப் பார்த்தால் நீக்கும் பொத்தானே வேலை செய்யாது. பிறகு ##002# அழுத்தி அழைப்புத் திருப்பல் எல்லாவற்றையும் ரத்து செய்யுங்கள். படங்களை எடுத்துக்கொண்டு ஃபேக்டரி ரீசெட் செய்வதுதான் நம்பகமானது.

வடகரை · 20 அக்டோபர் 2025, இரவு 9.50

ஆள் தானே நிறுவிக்கொடுக்கிறார் என்ற அந்த வரிதான் இன்று மேசைக் கணினியிலும் நடக்கிறது. 2024 முதல் பரவும் வித்தை: "நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிசெய்யுங்கள், விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்துங்கள், கன்ட்ரோல் வி, என்டர்." வலைப்பக்கம் ஏற்கெனவே கட்டளையை நகலெடுத்து வைத்திருக்கும். மேக்கில் அதே பக்கம் டெர்மினலைத் திறக்கச் சொல்லும். லினக்ஸுக்கும் எழுதலாம், ஒரு வரி மாற்றினால் போதும். இந்த வகைக்கு இயங்குதளம் ஏறக்குறைய பொருட்டே இல்லை.

இதற்குப் பின்னால் ஒரு நுணுக்கம் உண்டு. பிரவுசரில் இறக்கிய கோப்புக்கு விண்டோஸ் இது இணையத்திலிருந்து வந்தது என்று ஒரு முத்திரை போடும். மேக் போடுவது குவாரன்டைன் முத்திரை. எச்சரிக்கைத் திரைகள் எல்லாம் அந்த முத்திரையைப் பார்த்துத்தான் எழும். டெர்மினலில் கட்டளையால் இறக்கினால் மேக்கில் முத்திரை விழாது, மேக்கின் காவலான கேட்கீப்பர் வாய் திறக்காது. விண்டோஸில் அந்த முத்திரை என்டிஎஃப்எஸ் முறையில் அமைத்த வன்தட்டில்தான் நிற்கும். ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் பென்டிரைவுக்கு நகலெடுத்த நொடியில் உதிர்ந்துவிடும். வாடிக்கையாளர் பென்டிரைவில் கொண்டுவரும் வேர்டு கோப்பில் மேக்ரோ தடை வேலை செய்யாததற்குக் காரணம் இதுதான்.

அச்சுக்கோப்பு · 21 அக்டோபர் 2025, காலை 10.15

பென்டிரைவ்தான் எங்கள் தலைவலியே. ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிடுகிறது. ரஷ்ய கீபோர்டைச் சேர்த்து வைத்தால் வைரஸ் விட்டுவிடும் என்று ஒருவர் சொன்னார், அது உண்மையா?

மின்கம்பி · 21 அக்டோபர் 2025, காலை 10.50

சில நச்சுகள் பார்க்கும் என்பது உண்மை. 2008இல் கான்ஃபிக்கர் புழுவின் முதல் வடிவம் உக்ரைன் கீபோர்டு இருந்தால் விலகியது. ரீவில் பிணைநிரல் ரஷ்ய மொழியைக் கண்டால் நிறுத்திக்கொண்டது. தங்கள் ஊர் போலீசைச் சீண்ட வேண்டாம் என்ற கணக்கு. ஆனால் வான்னாக்ரை எதையும் பார்க்கவில்லை, அதிகம் அடிவாங்கிய நாடுகளில் ரஷ்யாவும் ஒன்று. காசில்லாமல் சேர்க்கலாம், நம்பி இருக்கக் கூடாது.

ஷார்ட்கட் வைரஸ்: உங்கள் ஃபோல்டர் அழியவில்லை. அதற்கு மறைவு, சிஸ்டம் என்ற இரண்டு குறிகளைப் போட்டு மறைத்துவிட்டு, அதே பெயரில் எல்என்கே (ஷார்ட்கட்) கோப்பை வைக்கிறது. அதைத் திறந்தால் முதலில் நச்சு ஓடும், பிறகு ஃபோல்டரும் திறக்கும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. லினக்ஸில் சொருகினால் மறைத்த ஃபோல்டர் வெட்டவெளிச்சமாகத் தெரியும், எல்என்கே ஓடாது. சுத்தம் செய்ய இதைவிடச் சுலபம் இல்லை.

ஒரு விதிவிலக்கு. லினக்ஸில் விண்டோஸ் மென்பொருளை ஓட்டும் வைன் நிறுவியிருந்தால் எக்ஸ்இ கோப்பை இருமுறை தட்டினால் ஓடிவிடும். வைன் முழுக் கோப்பமைப்பையும் இசட் டிரைவ் என்று காட்டும். பிணைநிரல் ஒன்று அங்கே ஓடினால் உங்கள் ஹோம் ஃபோல்டரையே பூட்ட முடியும். வைன் அமைப்புகளில் டிரைவ்ஸ் பகுதிக்குப் போய் இசட்டை நீக்குங்கள். ஹோம் ஃபோல்டரைக் காட்டும் இணைப்புகளை டெஸ்க்டாப் இன்டக்ரேஷன் பகுதியில் வெட்டுங்கள்.

வடகரை · 21 அக்டோபர் 2025, மதியம் 3.20

இவ்வளவும் கேட்ட பிறகு உங்கள் ஆறு கணினிக்கு நான் சொல்வது. ஆறையும் ஒரே மாதிரி ஆக்காதீர்கள். மின்னஞ்சல், பில், வாட்ஸ்அப் வெப் ஓடும் மூன்றை லினக்ஸ் மின்டுக்கு மாற்றுங்கள். மின்டில் தானியங்கி அப்டேட் தானாக இயங்காது. அப்டேட் மேனேஜர், பிரிஃபரன்சஸ், ஆட்டோமேஷனில் நீங்கள்தான் இயக்க வேண்டும். அதை மறந்தால் மாறியதில் பாதிப் பயன் போய்விடும். வாடிக்கையாளரின் பென்டிரைவ் எல்லாம் இந்த மூன்றில் ஒன்றில் மட்டுமே சொருகப்பட வேண்டும். அங்கிருந்து சிடிஆர், பிடிஎஃப், ஜேபெக் மட்டும் பகிர்வுக் கோப்புறைக்கு நகரட்டும்.

கோரலும் பேஜ்மேக்கரும் ஓடும் இரண்டு விண்டோஸாகவே இருக்கட்டும். 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெலும் டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சில்லு) உம் இருந்தால் விண்டோஸ் 11. இல்லையென்றால் விண்டோஸ் 10-ஐ 22எச்2 பதிப்புக்குக் கொண்டுவந்து நீட்டிப்பு அப்டேட்டுக்குப் பதியுங்கள். வீட்டுக்கான இலவச/30 டாலர் நீட்டிப்பு 2026 அக்டோபர் வரைதான். தொழிலுக்கு உரியது தனி, முதல் வருடம் ஒரு கணினிக்கு 61 டாலர். தினசரி வேலைக்கு அட்மின் இல்லாத சாதாரணக் கணக்கு. விண்டோஸ் ஃபீச்சர்ஸில் எஸ்எம்பி 1 (பழைய கோப்புப் பகிர்வு முறை) அணைந்திருக்க வேண்டும். ஃபைல் எக்ஸ்டென்ஷன் தெரியும்படி வைத்துவிடுங்கள். ஆறாவது, எக்ஸ்பி, மேலே சொன்னபடி பிணையத்துக்கு வெளியே.

இப்போது கசப்பான ஒன்று. "ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இயக்கவும்" என்று குறிப்போடு வரும் ஆக்டிவேட்டரோ கிராக்கோ அந்தக் கணினிகளில் இருந்தால், நானும் மின்கம்பியும் இதுவரை எழுதியது எதுவும் பயன்படாது. காவலை நீங்களே கழற்றி அட்மின் உரிமையையும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள். கோரலுக்கு இணையாக இங்க்ஸ்கேப்பும், பேஜ்மேக்கருக்கு இணையாக ஸ்கிரைபஸும் இலவசம். பழைய கோப்புகளை அப்படியே திறக்காது என்பதால் ஒரே நாளில் மாற முடியாது. புதிய வேலைகளை அதில் தொடங்கிப் பழகலாம்.

மின்கம்பி · 21 அக்டோபர் 2025, மதியம் 3.55

பேக்கப்பைச் சேர்க்கிறேன். வெளி வன்தட்டு இரண்டு. ஒரு வாரம் ஒன்று, மறுவாரம் மற்றது. நகலெடுத்து முடித்ததும் பிடுங்கி அலமாரியில். சொருகியே கிடந்தால் பிணைநிரல் அதையும் சேர்த்துப் பூட்டும்.

மாதம் ஒருமுறை பேக்கப்பிலிருந்து ஒரு பேஜ்மேக்கர் கோப்பை வேறு கணினியில் திறந்து பாருங்கள். படங்கள் கோப்புக்கு வெளியே இணைப்பாக இருக்கும், அவை வரவில்லை என்றால் அந்த நகல் பாதிதான். பாமினியும் மற்ற எழுத்துருக்களும் விண்டோஸின் ஃபான்ட்ஸ் கோப்புறையில் இருப்பதால் வேலைக் கோப்புறையை மட்டும் நகலெடுத்தால் விட்டுப்போகும். அதற்குத் தனியாக ஒரு நகல் எடுத்து இரண்டு தட்டிலும் வையுங்கள்.